பதினொன்றாம் வகுப்பு உளவியல்: எந்த வரிசையில் படிப்பது, எங்கெல்லாம் தடுக்குகிறது

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சில வருடங்களாக மாலை நேரத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உளவியல் சொல்லித் தருகிறேன். வகுப்பு தொடங்கும்போது பெரும்பாலும் எல்லாரும் ஒரே வார்த்தையோடுதான் வருகிறார்கள்: "ஈசியான சப்ஜெக்ட் மிஸ், கதை மாதிரி இருக்கு." முதல் தேர்வுத் தாள் கைக்கு வந்ததும் முகம் மாறிவிடுகிறது. எழுதியது நான்கு பக்கம், மதிப்பெண் பாதிக்கும் கீழே.

இயற்பியலில் வரும் சொல் நமக்குப் புதிது, அதனால் நின்று கற்றுக்கொள்கிறோம். உளவியலில் வரும் நினைவு, கற்றல், ஊக்கம், கோபம், புத்திசாலித்தனம் எல்லாம் சமையலறையில் பேசும் சொற்கள். தெரிந்த சொல்தானே என்று பாடநூல் அதற்குத் தரும் பொருளைத் தாண்டிப் போய்விடுகிறோம். நான் கீழே சொல்லும் வரிசை முழுக்க இந்த ஒரு தடுக்கலை மனத்தில் வைத்துச் செய்தது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் இந்த வருடப் பாடத்திட்டம். சி.பி.எஸ்.இ.யில் உளவியலின் குறியீட்டு எண் 037. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. அந்த இரண்டு மூன்று பக்கங்களை அச்செடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு வருடம் சின்ன மாற்றங்கள் வருவதால் அண்ணன், அக்கா வைத்திருந்த பட்டியலை நம்ப வேண்டாம்.

அடுத்தது என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் இப்போதைய பதிப்பு. இதில் 8 அத்தியாயங்கள். பழைய பதிப்பில் 9 இருந்தன. மூளை, நரம்பு மண்டலம், ஹார்மோன்கள் பற்றிய அத்தியாயம் இப்போது நீக்கப்பட்டுவிட்டது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய பதிப்பை வாங்கி வந்த ஒரு பெண், மூன்று வாரம் அந்த அத்தியாயத்தோடு மல்லுக்கட்டினாள். படித்தது வீண் போகாது. ஆனால் அத்தியாய எண் மாறிவிடுவதால் வகுப்பில் ஒரு பக்கம், கையில் வேறு பக்கம் என்று வருடம் முழுக்கத் தடுமாறினாள். வாங்கும் முன் பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள்.

நோட்டு இரண்டு வேண்டும். ஒன்று சொற்களுக்கு, இன்னொன்று மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார்ப்பதற்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் எழுதிப் பார்க்கும்போது கண் தானாக விடைக்குப் போய்விடும்.

கணிதமோ உயிரியலோ பின்புலமாக வேண்டியதில்லை. சராசரி, சதவீதம், எளிய வரைபடம் போதும். தமிழ்வழியில் பத்தாவது முடித்துவிட்டு வருகிறவர்கள் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: ஒரு பத்தியைப் படித்ததும் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் புரிந்துவிட்டது என்று பொருள். விடையை ஆங்கிலத்தில் அமைப்பது அடுத்த வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் இரண்டுமே நடக்காது.

2. முதல் அத்தியாயத்தில் இரண்டு நாள், இரண்டாவதில் இரண்டு வாரம்

முதல் அத்தியாயம் அறிமுகம். 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கியது, அப்புறம் வந்த சிந்தனைப் பள்ளிகள், துறையின் கிளைகள். ஒரு காலக்கோடு போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பிள்ளைகள் செய்வது நேர்மாறு. இதில் ஒரு மாதம் போகிறது, ஆய்வு முறைகளைப் பற்றிய இரண்டாம் அத்தியாயம் "போர்" என்று தள்ளி வைக்கப்படுகிறது.

அந்த இரண்டாம் அத்தியாயத்தை முதலிலேயே ஊன்றிப் படிக்க வேண்டும். பின்னால் வருகிற ஒவ்வொரு அத்தியாயமும் "இன்னார் இப்படி ஒரு சோதனை செய்தார்" என்றுதான் பேசும். எதை மாற்றினார், எதை அளந்தார் என்று பார்க்கத் தெரியாதவருக்கு அந்தப் பத்திகள் எல்லாம் வெறும் கதைகளாகவே நிற்கும்.

சாரா மாறி என்பது ஆய்வாளர் தன் கையால் மாற்றுவது. சார்ந்த மாறி என்பது அதன் விளைவாக மாறுகிறதா என்று அவர் அளப்பது. இதை வரையறையாக மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு வாக்கியப் பயிற்சி: "இதை மாற்றினால் அது மாறுமா?" என்று ஒவ்வொரு ஆய்வையும் எழுதுங்கள். பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் நினைவில் நிற்கும் சொற்கள் குறையுமா? "இதை" என்ற இடத்தில் வருவது பாட்டு, "அது" என்ற இடத்தில் வருவது சொற்களின் எண்ணிக்கை. பத்து ஆய்வுகளுக்கு எழுதிவிட்டால் பிறகு குழம்பாது.

அடுத்த தடுக்கல் ஒட்டுறவு (கோரிலேஷன்), அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்தே மாறுவது. கத்திரி வெயிலில் நம் ஊரில் நுங்கு விற்பனை ஏறும், பிள்ளைகளுக்கு வேர்க்குருவும் ஏறும். இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. அதற்காக நுங்கு தின்றால் வேர்க்குரு வரும் என்று யாரும் சொல்ல மாட்டோம், பின்னால் வெயில் நிற்கிறது என்று தெரியும். ஆனால் "அதிகம் போன் பார்க்கும் மாணவர்கள் குறைவாக மதிப்பெண் எடுக்கிறார்கள்" என்று வினாத்தாளில் வந்தால் உடனே "போன் மதிப்பெண்ணைக் குறைக்கிறது" என்று எழுதிவிடுகிறோம். வீட்டில் தினமும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததால் வரும் வழுக்கல் இது. படிப்பில் ஏற்கெனவே தடுமாறுகிறவன் போனைத் தேடிப் போயிருக்கலாம். வீட்டுச் சூழல் இரண்டையும் பாதித்திருக்கலாம். ஒட்டுறவு என்ற சொல் வந்ததும் "பின்னால் யார் நிற்கிறார்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

அதோடு சேர்ந்த இன்னொரு பிழை: எதிர்மறை ஒட்டுறவு என்றால் தொடர்பு இல்லை என்று நினைப்பது. ஒட்டுறவுக் கெழு மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை இருக்கும். குறி திசையைச் சொல்கிறது, எண் வலிமையைச் சொல்கிறது. மைனஸ் 0.8 என்பது பிளஸ் 0.5ஐ விட வலுவான தொடர்பு. பூஜ்யம்தான் தொடர்பின்மை.

இயல்பு நிலைக் கூர்நோக்கு, அதாவது குறுக்கிடாமல் மக்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே கவனிப்பது என்ற பகுதிக்கு ஒரு மாலை கடற்கரைச் சாலைக்குப் போங்கள். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் நிம்மதியாக உட்காரலாம். போகும் முன்பே என்ன எண்ணப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, நடந்து போகிறவர்களில் எத்தனை பேர் கையில் போன் இருக்கிறது, தனியாகப் போகிறவர், கூட்டமாகப் போகிறவர் என்று பிரித்து, 15 நிமிடத்துக்கு. ஒரு நண்பரும் பக்கத்திலேயே உட்கார்ந்து தனியாக எண்ணட்டும். இருவர் கணக்கும் ஒத்துவராது. ஏன் ஒத்துவரவில்லை என்று பேச ஆரம்பித்தாலே, கூர்நோக்குபவரின் சாய்வு என்று பாடநூல் சொல்வது விளங்கிவிடும். யாரையும் படம் எடுக்க வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும்.

3. சொல் நோட்டு: மூன்று பத்தி

நோட்டின் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதலில் சொல். நடுவில் "வீட்டில் இதற்கு என்ன பொருள்". கடைசியில் "பாடநூலில் என்ன பொருள்". நடுப்பத்தியை எழுதாமல் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பத்தியில்தான் பிழை ஒளிந்திருக்கிறது, அதை எழுதினால்தான் அது கண்ணில் படும்.

"கற்றல்" என்ற சொல்லை எடுங்கள். வீட்டில் அதற்குப் படிப்பது என்று பொருள். பாடநூலில், அனுபவத்தாலோ பயிற்சியாலோ நடத்தையில் வரும் ஓரளவு நிலையான மாற்றம். அப்படியானால் நாய்க்குப் பயந்து தெருவை மாற்றிப் போகப் பழகுவதும் கற்றல்தான். களைப்பில் கை நடுங்குவது கற்றல் இல்லை, தூங்கி எழுந்தால் போய்விடும். மருந்தால் வரும் மயக்கமும் அப்படித்தான். வரையறையில் உள்ள "அனுபவம்", "ஓரளவு நிலையான" என்ற இரண்டு சொற்களும் எதை உள்ளே விடுகின்றன, எதை வெளியே தள்ளுகின்றன என்று இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

"கன்சர்வேஷன்" என்றால் பிள்ளைகளுக்கு மரம் நடுவதும் தண்ணீர் சேமிப்பதும்தான் நினைவுக்கு வருகிறது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே அந்தச் சொல்லால் சொல்வது, வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதலை. "இல்யூஷன்" என்பதையும் "ஹாலுசினேஷன்" என்பதையும் ஒன்றாக எழுதுகிறார்கள். முதலாவதில் தூண்டல், அதாவது புலனில் படும் பொருள், எதிரே இருக்கிறது, நாம் அதைத் தவறாகப் பார்க்கிறோம். முனைகளில் அம்புக்குறி திசை மாறிய, சம நீளமுள்ள முல்லர்-லயர் கோடுகளைப் பார்க்கும் பெரும்பாலோருக்கு ஒன்று நீளமாகத்தான் தெரியும். இரண்டாவதில் எதிரே தூண்டலே இல்லை.

ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம்.

4. அத்தியாயங்களை எந்த வரிசையில் எடுப்பது

பள்ளி தன் வரிசையில் போகும், அதோடு சண்டை வேண்டாம். வீட்டில் நீங்களாகப் படிப்பதற்கு என் வரிசை: ஆய்வு முறைகள், நினைவு, கற்றல், புலனுணர்வும் புலக்காட்சியும், சிந்தனை, ஊக்கமும் மனவெழுச்சியும், கடைசியாக மனித வளர்ச்சி.

நினைவை முன்னால் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எப்படிப் படித்தால் மறக்காது என்பதை அந்த அத்தியாயமே சொல்கிறது. அதை மார்ச்சில் படித்து என்ன பயன்? வளர்ச்சியைப் பின்னால் தள்ளியதற்கும் காரணம் உண்டு. பியாஜேயின் நான்கு நிலைகள் குழந்தையின் சிந்தனையைப் பற்றியவை, சிந்தனை அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்தால் அவை தானாக உட்காரும். முன்பே படித்தால் 2, 7, 11 என்று வயது எண்கள் மட்டும்தான் மனத்தில் நிற்கும்.

5. கற்றல் அத்தியாயம்: பெட்டி போட்டுப் பழகுங்கள்

அதிகம் பேர் மதிப்பெண் இழப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாக.

உணவோடு சேர்ந்து வந்த சத்தத்தைக் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறிய பாவ்லவின் சோதனை எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், புது உதாரணம் கொடுத்தால் எது எந்தப் பெட்டி என்று சொல்லத் தெரிவதில்லை. நம் தெருவில் பஞ்சுமிட்டாய்க்காரர் மணியடித்துக்கொண்டு வருகிறார். சின்னப் பிள்ளைக்கு முதல் தடவை அந்த மணிச்சத்தம் ஒரு சத்தம், அவ்வளவுதான். பஞ்சுமிட்டாய் வாயில் கரைகிறது, எச்சில் ஊறுகிறது. நாலைந்து நாள் மணியும் மிட்டாயும் அடுத்தடுத்து வந்தபின், மணி கேட்டாலே வாயில் நீர் ஊறுகிறது.

இயற்கைத் தூண்டல்: வாயில் பட்ட மிட்டாய். இயற்கைத் துலங்கல்: அதற்கு ஊறிய எச்சில். ஆக்கநிலையுற்ற, அதாவது சேர்ந்து வந்து பழகியதால் உண்டான, தூண்டல்: மணி. ஆக்கநிலையுற்ற துலங்கல்: மணிக்கு ஊறிய எச்சில். இங்கே நடக்கும் தவறு, மிட்டாயைக் கண்ணால் பார்த்ததை இயற்கைத் தூண்டலாக எழுதுவது. பிறந்த குழந்தைக்கு இளஞ்சிவப்புப் பஞ்சைப் பார்த்து எச்சில் ஊறாது. பார்ப்பதும் கற்றதுதான். "யாரும் கற்றுத்தராமல், முதல் தடவையே இது நடக்குமா?" என்று கேட்டால் இயற்கைத் தூண்டல் எது என்று பிடிபடும்.

அடுத்தது, விளைவைப் பொறுத்து நடத்தை கூடுவதையும் குறைவதையும் ஆராய்ந்த ஸ்கின்னர். "நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்" (நெகட்டிவ் வலுவூட்டல்) என்பதைத் தண்டனை என்று எழுதாத முதல் வருட மாணவரை நான் பார்த்ததே இல்லை. நெகட்டிவ் என்றால் கெட்டது என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். இங்கே அதன் பொருள் ஒன்று நீங்குவது, அவ்வளவே. நான் இரண்டு கேள்விகளைக் கொடுக்கிறேன், வரிசை மாறக் கூடாது. முதல் கேள்வி: நடத்தை இனிமேல் கூடுமா, குறையுமா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. இரண்டாவது: ஒன்று வந்து சேர்ந்ததா, இருந்தது நீங்கியதா? சேர்ந்தால் பாசிட்டிவ், நீங்கினால் நெகட்டிவ்.

மழைக்காலத்தில் சாயங்காலம் கொசு பிடுங்குகிறது. கொசுவத்தி ஏற்றினால் கொசு போகிறது. மறுநாள் சொல்லாமலே ஏற்றுகிறோம். நடத்தை கூடியது, ஒன்று நீங்கியது. எனவே நெகட்டிவ் வலுவூட்டல். தம்பி சுவரில் கிறுக்கினான், அப்பா ஒரு வாரம் சைக்கிளை எடுத்து வைத்துவிட்டார், கிறுக்குவது நின்றது. நடத்தை குறைந்தது, ஒன்று நீங்கியது. இது தண்டனை, அதிலும் நெகட்டிவ் வகை. முதல் கேள்வியைக் கேட்காமல் இரண்டாவதில் ஆரம்பித்தால் இந்த இரண்டு உதாரணங்களும் ஒன்றாகத் தெரியும், அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன்.

வகுப்பில் சொன்ன உதாரணத்தையே தேர்வில் எழுதாதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் உங்கள் வீட்டிலிருந்து மூன்று எடுங்கள். சொந்தமாக எடுத்த உதாரணத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்துவார், அந்தத் திருத்தம் மறக்காது.

6. நினைவு அத்தியாயம்: படிக்கும் முறையை இங்கிருந்தே எடுங்கள்

ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம், அதிலும் முதல் மணி நேரத்தில். பிறகு வளைகோடு மெல்ல இறங்குகிறது. இதை வரைபடமாகப் போட்டு மதிப்பெண் வாங்குவதோடு பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். அதே வளைகோடு, இன்று வகுப்பில் கேட்டதை இன்று இரவே ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவரச் சொல்கிறது.

எப்படிக் கொண்டுவருவது? திரும்பப் படிப்பதா, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவதா? ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினார்கள். படித்து முடித்தவுடன் "எல்லாம் தெரியுது" என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை. என்னிடம் வந்த ஒரு பையனின் புத்தகத்தில் கோடு போடாத வரியே கிடையாது, மூன்று நிறத்தில். மூடிவிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னேன், நான்கு வரி வந்தது. அன்றைக்கு ஸ்கெட்ச் பேனாவை அவனாகவே பைக்குள் வைத்துவிட்டான்.

நான் வைத்திருக்கும் கணக்கு: அன்றிரவு, மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். இரண்டாவது நோட்டில் தலைப்பை மட்டும் எழுதி, கீழே நினைவில் உள்ளதை எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை வேறு மையில் சேர்க்க வேண்டும். வேறு மையில் எழுதியது குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும்.

குறுகிய கால நினைவில் நிற்பது ஏழு, கூட்டக் குறைய இரண்டு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் சொன்னதை "ஏழு எழுத்து" என்று எழுதுகிறார்கள். ஏழு துண்டுகள் என்பதே சரி. 0413 என்பது பாண்டிக்காரருக்கு ஒரே துண்டு, கடலூர்க்காரருக்கு 04142 ஒரே துண்டு, வெளியூர்க்காரருக்கு ஒவ்வொரு இலக்கமும் ஒரு துண்டு. அட்கின்சன், ஷிஃப்ரின் 1968இல் தந்த மூன்று நிலைகளையும் (புலன் நினைவு, குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு), கிரெய்க், லாக்ஹார்ட் 1972இல் தந்த ஆழக் கருத்தையும் ஒரே விடையில் கலக்காதீர்கள். முன்னவர்கள் எத்தனை கிடங்குகள் என்று கேட்டார்கள். பின்னவர்கள் உள்ளே வரும் செய்தியை எவ்வளவு ஆழமாகக் கையாள்கிறோம் என்று கேட்டார்கள்.

நம் ஊரில் செய்து பார்க்க ஏற்ற ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அன்றிரவு எங்கே இருந்தீர்கள், கரண்ட் எப்போது போனது, முதலில் யாருக்குப் போன் செய்தீர்கள் என்று வீட்டில் இருவரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். இருவரும் உறுதியாகச் சொல்வார்கள், பல இடத்தில் ஒத்துவராது. பெரியவர்களிடம் 2011 டிசம்பர் 30 தானே புயலையும் கேட்கலாம், கடலூர்ப் பக்கம் அதை மறந்தவர் இல்லை. அதிர்ச்சியான நிகழ்வு படம் பிடித்ததுபோல் மனத்தில் பதிவதை மின்வெட்டொளி நினைவு (ஃப்ளாஷ்பல்ப் மெமரி) என்று பாடநூல் சொல்வதும், உறுதியாக நினைவிருப்பது சரியாக நினைவிருப்பதாகாது என்பதும் ஒரே மாலையில் புரியும். வீடு இழந்தவர், உறவை இழந்தவர் யாராவது இருந்தால் கேட்க வேண்டாம். அது பாடத்துக்காகக் கிளற வேண்டிய நினைவு இல்லை.

7. மற்ற அத்தியாயங்களில் கவனிக்க வேண்டியவை

புலக்காட்சியில், தனித்தனிக் கூறுகளை முழு உருவமாகப் பார்ப்பதைச் சொல்லும் கெஸ்டால்ட் விதிகளுக்குப் படம் வரைந்தே பழகுங்கள், வார்த்தையில் எழுதினால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். மனவெழுச்சியில் ஜேம்ஸ்-லாங்கே, கேனன்-பார்ட் கோட்பாடுகளுக்கு அம்புக்குறி போடுங்கள். நாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம்: முதல் கோட்பாட்டில் உடல் பதறுகிறது, அந்தப் பதற்றத்தை உணர்வதே பயம். இரண்டாவதில் பதற்றமும் பயமும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன.

பியாஜேக்கு டவரா டம்ளர் போதும். ஒரே மாதிரி இரண்டு டவராவில் சம அளவு தண்ணீர், ஒன்றைக் குழந்தையின் கண்முன்னே உயரமான டம்ளரில் ஊற்றிவிட்டு "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் டம்ளரைக் காட்டும். "ஏன்?" என்றும் கேட்டு, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தப்பு என்று குழந்தையைத் திருத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்.

8. செய்முறை: முதலில் சம்மதம், கடைசியில் முடிவு

செய்முறை மதிப்பெண்ணில் ஆய்வை நடத்துவது, பதிவேடு, வாய்மொழித் தேர்வு எல்லாம் வரும். டிசம்பர் வரை தள்ளாதீர்கள். ஆட்கள் கிடைக்க நேரமாகும்.

எளிதாகவும் உறுதியாகவும் விளைவு தருவது 1935இல் ஸ்ட்ரூப் செய்த நிறச் சோதனை. ஒரு அட்டையில் 20 நிறப் பட்டைகள். இன்னொன்றில் 20 நிறப் பெயர்கள், ஆனால் "சிவப்பு" என்ற சொல் நீல மையில், "பச்சை" என்ற சொல் சிவப்பு மையில். இரண்டிலும் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது அட்டைக்கு நேரம் கூடும், வாசிப்பு தானாக நடந்து குறுக்கே வருவதால்.

வரிசை இப்படி இருக்கட்டும். கருதுகோளை, அதாவது என்ன விளைவு வரும் என்ற முன்கணிப்பை, முதலில் எழுதுங்கள், தரவு வந்தபின் எழுதினால் அது கருதுகோள் ஆகாது. பிறகு சம்மதம் கேளுங்கள்: என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம், நடுவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று மூன்றையும் சொல்லி. ஆனால் "இரண்டாவதில் நேரம் கூடும்" என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், நம்மைத் திருப்திப்படுத்தவே மெதுவாகச் சொல்வார்கள். பாதிப் பேருக்கு முதல் அட்டையில் தொடங்குங்கள், மீதிப் பேருக்கு இரண்டாவதில். எல்லாருக்கும் ஒரே வரிசை என்றால் நேரம் கூடியது களைப்பாலா, குறுக்கீட்டாலா என்று சொல்ல முடியாது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்பார்கள். முடிந்ததும் எதற்காகச் செய்தோம் என்று விளக்கிச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வாசிக்கத் தடுமாறும் ஆயாவுக்கு இந்தக் குறுக்கீடு குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து "ரிசல்ட் தப்பா வந்திருச்சு" என்று எண்ணைத் திருத்திய பிள்ளைகள் இருக்கிறார்கள். அது தப்பு இல்லை, ஏன் வரவில்லை என்று எழுதினால் அதுதான் நல்ல விவாதப் பகுதி. எண்ணைத் திருத்துவது மட்டும் கூடாது. கருதுகோள் பொய்த்ததற்காக மதிப்பெண் குறைவதில்லை.

நேரம் இருந்தால் கிகி, பூபா சோதனையையும் செய்யுங்கள். முனை முனையாக ஒரு வடிவம், வழவழப்பாக வளைந்த ஒரு வடிவம், எது கிகி, எது பூபா என்று கேட்பது. வி.எஸ்.ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001இல் இதைப் பற்றி எழுதியபோது அமெரிக்க மாணவர்களோடு தமிழ் பேசுவோரும் அதில் இருந்தார்கள். மிகப் பெரும்பாலோர் முனையுள்ளதையே கிகி என்றார்கள். நம் மொழிக்காரர்கள் இப்படி ஓர் ஆய்வில் வருவதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே நான் இதை விடுவதில்லை.

9. நோய்ப்பெயர் சூட்டுவதை நிறுத்துங்கள்

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் உளக்கோளாறுகள் வருகின்றன. ஆனால் இப்போதே "அவனுக்கு ஓசிடி", "எனக்கு டிப்ரஷன்" என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். மேசையை ஒழுங்காக வைப்பது ஓசிடி (விடாத எண்ணமும் கட்டாயச் செயலும் வாட்டும் கோளாறு) இல்லை. எவ்வளவு காலமாக, எவ்வளவு தீவிரமாக, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தப் பழக்கம் விடையையும் கெடுக்கும்: கேள்வியில் ஒரு பெண் தேர்வுக்கு முன் பதறுகிறாள் என்றால், கேட்டது மனவெழுச்சியைப் பற்றி, பிள்ளைகள் எழுதுவது நோயைப் பற்றி.

படிக்கும்போது உண்மையிலேயே உங்களுக்கோ தோழிக்கோ பாரமாக இருந்தால் பாடநூலில் விடை தேட வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கோரிமேடு ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

10. விடை எழுதும் வரிசை

வரையறை, அது எப்படி நடக்கிறது, ஓர் உதாரணம், உதாரணத்தின் எந்தப் பகுதி வரையறையின் எந்தச் சொல்லோடு பொருந்துகிறது. இந்த நான்காவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. உதாரணத்தைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். "மணி ஆக்கநிலையுற்ற தூண்டல், ஏனென்றால் மிட்டாயோடு சேர்ந்து வருவதற்கு முன் அதற்கு எச்சில் ஊறவில்லை" என்ற ஒரு வரிதான் படித்தவரையும் கதை சொல்பவரையும் பிரித்துக்காட்டும்.

சம்பவம் கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் அறிவுரை எழுதாதீர்கள். "ரவி நன்றாகப் படிக்க வேண்டும், பெற்றோர் அன்பு காட்ட வேண்டும்" என்பதற்கு மதிப்பெண் இல்லை. முதலில் கேள்வியைப் படித்து, பிறகு சம்பவத்தைப் படித்து, எந்தக் கருத்து என்று ஓரத்தில் ஒரே சொல்லில் குறித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் எழுதியவர்கள் ஆறு மதிப்பெண் கேள்விக்கு வரும்போது மணி அடித்துவிடுகிறது.

கடைசிப் பத்து நாளில் புதிதாக எதையும் தொடாதீர்கள். சொல் நோட்டின் மூன்றாம் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். தடுமாறிய சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைத் தேர்வுக்கு முந்தின இரவு படித்துவிட்டு நேரத்தோடு தூங்கப் போங்கள்.